வெயிலைக் குதிரில் போட்டவர்கள்

மார்கழி விடியலில் எங்கள் ஊர்க் கிணற்றில் வாளியை விட்டு இறைத்தால் தண்ணீரில் இருந்து மெல்ல ஆவி எழும். கையை விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அதே கிணறு சித்திரையில் ஜில்லென்று இருக்கும். கிணற்றுக்குள்ளே பருவம் தலைகீழாக ஓடுகிறது, நமக்குக் குளிர்காலம் என்றால் அதற்குக் கோடை என்று சின்ன வயதில் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். எட்டாம் வகுப்பில் அறிவியல் வாத்தியார் அதை உடைத்துவிட்டார். கிணற்றுத் தண்ணீர் வருஷம் முழுக்க ஏறத்தாழ ஒரே சூட்டில்தான் இருக்கிறது, மாறுவது வெளிக்காற்றும் நம் தோலும்தான் என்றார். எங்கள் ஊர்க் கிணற்றைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. ஆனால் என் சிறுவயது முடிவும் முழுத் தப்பில்லை என்று தெரிந்துகொள்ள நான் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் வரைக்கும் வரவேண்டியிருந்தது.

கால்கரிக்கு வந்த முதல் குளிர்காலத்தில் வெளியே மைனஸ் முப்பது. வீட்டின் கீழ்த்தளத்தில் எரிவாயு அடுப்பு ஒன்று இரவும் பகலும் உறுமிக்கொண்டிருக்கும். இந்த ஊரில் வெயிலுக்கும் பஞ்சமில்லை, கனடாவின் பெருநகரங்களில் அதிகம் வெயில் காண்பது இதுதான். கோடையில் இரவு ஒன்பதரை மணிக்கும் சூரியன் இருக்கும். அந்த வெயிலில் ஒரு பங்கை ஜனவரிக்கு எடுத்து வைக்க முடிந்தால் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தோன்றக்கூடியதுதான். தோன்றியதோடு நிற்காமல், கால்கரிக்குத் தெற்கே ஒகோடோக்ஸ் என்ற சிற்றூரில் அதைச் செய்தும் காட்டினார்கள். அறுவடை நெல்லைக் குதிரில் போடுவது மாதிரி, ஜூலை வெயிலை மண்ணுக்குள் போட்டு வைத்து ஜனவரியில் எடுத்து 52 வீடுகளைச் சூடாக்கினார்கள்.

ஆனால் ஒகோடோக்ஸில் இருந்து தொடங்கினால் கதை பாதிதான். மண்ணுக்கு ஞாபகசக்தி உண்டு என்று மனிதர்கள் கண்டுபிடித்த கதை பழையது.

பாரிஸ் வானாய்வகத்தின் அடியில் சுமார் 28 மீட்டர் ஆழத்தில் நிலவறைகள் இருக்கின்றன. பழைய கல்குவாரிகளோடு சேர்ந்த பாதாளம் அது. பதினேழாம் நூற்றாண்டிலேயே அங்கே ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மேலே ஸேன் நதி உறைந்தாலும் சரி, வெயிலில் தெரு வெந்தாலும் சரி, கீழே வெப்பமானி அசையவில்லை. 1783இல் லவோசியே செய்த துல்லியமான வெப்பமானி ஒன்றை அங்கே நிறுவினார்கள். ஆக்சிஜனுக்குப் பெயர் வைத்த அதே லவோசியேதான். சூடு பன்னிரண்டு டிகிரிக்குச் சற்றுக் கீழே அப்படியே நின்றது.

ஆழத்தில் எதுவும் மாறுவதில்லை என்று இதில் தெரிந்தது. மேற்பரப்புக்கும் அந்த ஆழத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தவர் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ். 1837இல் எடின்பரோவில் மூன்று இடங்களில் வெப்பமானிகளைப் புதைத்தார். ஒன்று கால்ட்டன் குன்றின் எரிமலைப் பாறையில், ஒன்று தோட்டத்து மணலில், ஒன்று கிரெய்க்லீத் கல்குவாரியின் மணற்பாறையில். ஒவ்வோர் இடத்திலும் 3, 6, 12, 24 பிரெஞ்சு அடி ஆழங்களில் வைத்தார். வெப்பமானியைத் தோண்டி எடுத்துப் பார்க்க முடியாது என்பதால் அதன் கழுத்தையே தரைக்கு மேலே வரும்படி நீளமாகச் செய்திருந்தார்கள். எட்டு மீட்டருக்குக் கிட்டத்தட்ட நீளமான வெப்பமானி! அதை உடையாமல் கொண்டுபோய்க் குழிக்குள் இறக்கியவர்களின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.

அந்த அளவீடுகளை 1860இல் கணக்குப் போட்டுப் பார்த்தவர் வில்லியம் தாம்சன், பிற்காலத்தில் கெல்வின் பிரபு. கோடையின் சூடு மண்ணுக்குள் ஓர் அலையாக இறங்குகிறது. இறங்க இறங்க அது தேய்கிறது, கூடவே தாமதமும் ஆகிறது. மூன்றடியில் சில வாரத் தாமதம்தான். இருபத்து நாலு அடிக்குப் போனால் ஐந்து மாதத்துக்கும் மேல். அதாவது ஆகஸ்ட் மாசத்து வெயில் அந்த ஆழத்துக்குப் போய்ச் சேரும்போது மேலே பனி கொட்டிக்கொண்டிருக்கும். இன்னும் ஓரிரு அடி இறங்கினால் பருவம் சரியாகத் தலைகீழ். எட்டாம் வகுப்புப் பையன் சொன்னது எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை, எடின்பரோவுக்குப் பொருந்துகிறது. வாத்தியாரிடம் சொல்ல ஆசையாக இருந்தது.

இதே கெல்வின் 1852இல் இன்னொரு யோசனையும் எழுதினார். நீரை மேட்டுக்கு ஏற்றும் பம்பு மாதிரி சூட்டையும் குளிர்ந்த இடத்தில் இருந்து சூடான இடத்துக்கு ஏற்றும் எந்திரம். இன்று நம் வீட்டு ஃபிரிட்ஜும் ஏசியும் செய்வது அதைத்தான். 1912இல் ஹைன்ரிச் ஸோலி என்ற ஸ்விஸ் பொறியாளர் அந்த எந்திரத்துக்கு மண்ணையே சூட்டின் மூலமாக வைத்துக் காப்புரிமை வாங்கினார். அது பரவ இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. கரி மலிவாக இருந்தது, வேறு காரணம் தேடவேண்டாம்.

ஆனால் மண்ணில் இருந்து சூட்டை உறிஞ்சுவது வேறு, மண்ணில் வேண்டுமென்றே ஒரு பருவத்தைப் போட்டு வைத்து அடுத்த பருவத்தில் எடுப்பது வேறு. இரண்டாவதைப் பெரிய அளவில் முதலில் செய்தது ஐரோப்பாவும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. சீனா. அதுவும் வேறு எதையோ சரிசெய்யப் போய்.

ஷாங்காய் நகரம் மூழ்கிக்கொண்டிருந்தது. 1921 வாக்கிலேயே நிலம் தாழ்வதைக் கவனித்துவிட்டார்கள். நகரம் நிற்பது ஆற்று வண்டல் மேல். பஞ்சாலைகளுக்குக் குளிர்ச்சி வேண்டும், சூடு ஏறினால் நூல் அறும். அதற்காக ஆலை ஆலையாகக் கிணறு தோண்டி நிலத்தடி நீரை இழுத்தார்கள். நீர் போன இடத்தில் களிமண் நசுங்கியது, மேலே இருந்த நகரம் கூடவே இறங்கியது. 1965க்குள் சில இடங்களில் இரண்டரை மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. அப்போது ஒரு முடிவு எடுத்தார்கள்: எடுக்கும் தண்ணீரைக் குறைப்பது, குளிர்காலத்தில் கிணறுகளுக்குள் தண்ணீரைத் திரும்பச் செலுத்துவது. நோக்கம் நிலம் தாழாமல் தாங்கிப் பிடிப்பது மட்டும்தான். கோடை வந்து அதே கிணறுகளைத் திறந்தபோது வந்த தண்ணீர் குளிர்ந்திருந்தது. குளிர்காலம் கீழே அப்படியே காத்திருந்தது. அப்புறம் அதை வேண்டுமென்றே செய்ய ஆரம்பித்தார்கள். குளிர்காலத்தில் குளிர்ந்த நீரை இறக்கிக் கோடையில் ஆலைகளைக் குளிர்விப்பது, கோடையில் சூடான நீரை இறக்கிக் குளிர்காலத்தில் எடுப்பது. இந்தத் துறையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதைத்தான் தொடக்கம் என்கிறார்கள். நகரமும் தாழ்வதை ஏறத்தாழ நிறுத்திக்கொண்டது.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். ஆலைத் தொழிலாளி ஒருவர் குழாயைத் திறந்து கையை நீட்டி, ஜூலையில் ஜனவரியைத் தொட்டிருப்பார் இல்லையா?

1973இல் எண்ணெய் விலை ஏறியதும் மேற்கு நாடுகள் விழித்துக்கொண்டன. அதிலும் ஸ்வீடன். எண்ணெயை வாங்கி எரித்துக் குளிர்காலத்தைத் தள்ளிக்கொண்டிருந்த நாடு அது. உப்சாலாவுக்குப் பக்கத்தில் லிக்கெபோ என்ற இடத்தில் பாறையைக் குடைந்து ஒரு லட்சம் கன மீட்டர் கொள்ளும் குகையில் வெந்நீரைச் சேர்த்தார்கள். 1983. சுமார் 550 வீடுகளுக்கு. ஒரு வேடிக்கை, சூரிய வெப்பத் தகடுகளுக்கு முழுப் பணம் இல்லை. ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் வெயில், மீதியை மின்சாரக் கொதிகலன் வைத்து வெயில் மாதிரி நடித்தார்கள். சோதனை என்பது பல சமயம் இப்படித்தான், பாதி நாடகம். அதே வருஷம் வடக்கே லூலியோவில் பல்கலைக்கழகத்துக்காகப் பாறையில் 65 மீட்டர் ஆழத்துக்கு 120 துளைகள் போட்டார்கள். இரும்பாலையில் வீணாகும் சூட்டைக் கோடையில் துளைகள் வழியாகப் பாறைக்குள் இறக்கி, குளிர்காலத்தில் திரும்ப எடுத்தார்கள். ஆழ்துளைச் சேமிப்பு என்பதன் முதல் பெரிய சோதனைகளில் அது ஒன்று.

இதற்குப் பிறகு வந்தவை நிறைய. பெர்லினில் நாடாளுமன்றக் கட்டடமான ரைஷ்டாக்கைப் புதுப்பித்து 1999இல் திறந்தபோது அதன் கீழே இரண்டு அடுக்காக நிலத்தடி நீரையே சேமிப்பாக்கினார்கள். சுமார் 60 மீட்டரில் குளிர், சுமார் 300 மீட்டரில் சூடு. டொராண்டோவுக்குக் கிழக்கே ஓஷாவாவில் ஒரு பல்கலைக்கழக வளாகம் முழுக்க 370க்கும் மேற்பட்ட ஆழ்துளைகளின் மேல் நிற்கிறது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தங்கள் காலுக்குக் கீழே கோடை கிடக்கிறது என்று தெரியும்? நெதர்லாந்தில் இப்போது இது அலுவலகக் கட்டடங்களில் சர்வசாதாரணம். கோடையில் அறைகளில் இருந்து அகற்றும் சூட்டைக் கீழே போடுகிறார்கள், குளிர்காலத்தில் அதை எடுத்து அறைகளுக்குத் தருகிறார்கள், அப்போது கீழே குளிர் சேர்கிறது, அது அடுத்த கோடைக்கு. போட்டதும் எடுத்ததும் வருஷக் கடைசியில் சமமாக இருக்கவேண்டும். சமன் தவறினால் மண் மெல்ல மெல்லச் சூடேறிக்கொண்டோ குளிர்ந்துகொண்டோ போய் ஒருநாள் பயன்படாமல் ஆகிவிடும். சென்னையில் இதைச் செய்யமுடியுமா என்று நண்பர்கள் கேட்பார்கள். போட்டு வைக்கக் குளிர்காலம் வேண்டுமே!

இனி ஒகோடோக்ஸ்.

ஊரின் பெயர் பிளாக்ஃபுட் மக்களின் மொழியில் பாறை என்ற சொல்லில் இருந்து வந்தது. பனியுகத்தில் பனியாறு சுமந்து வந்து போட்டுப் போன பெரிய பாறை ஒன்று ஊருக்கு மேற்கே வயல்வெளியில் கிடக்கிறது. இந்த ஊர் 1998இல் ஒரு விசித்திரமான காரியம் செய்தது. தங்கள் ஆற்றில் இருக்கும் தண்ணீர் முப்பதாயிரம் பேருக்குத்தான் போதும், அதற்கு மேல் ஊரை வளரவிட மாட்டோம் என்று முடிவெடுத்தார்கள். (2012இல் அந்த வரம்பைக் கைவிட்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) எண்ணெயும் எரிவாயுவும் விளையும் மாகாணத்தில், அளவு பார்த்து வாழவேண்டும் என்று யோசித்த ஊர். கனடா அரசின் ஆற்றல் ஆய்வாளர்கள் தங்கள் சோதனைக்கு இடம் தேடியபோது இந்த ஊர் அமைந்ததில் ஆச்சரியமில்லை.

டிரேக் லேண்டிங் என்று அந்தக் குடியிருப்புக்குப் பெயர். தனித்தனி வீடுகள் 52. பார்த்தால் கால்கரியைச் சுற்றி இருக்கும் எந்தப் புறநகர் வீட்டையும் போலத்தான் இருக்கும், அது வேண்டுமென்றே. பின்னால் கார் நிறுத்தும் கொட்டகைகளின் கூரை மேல் நான்கு நீண்ட வரிசையாக 800 சூரிய வெப்பத் தகடுகள். மின்சாரம் தரும் தகடுகள் இல்லை இவை. உள்ளே ஓடும் உறையாத திரவத்தைச் சூடாக்குபவை. நல்ல கோடை நாளில் எல்லாம் சேர்ந்து ஒன்றரை மெகாவாட் சூட்டைப் பிடிக்கும். அந்தச் சூடு முதலில் இரண்டு பெரிய தொட்டிகளுக்குப் போகும், இரண்டிலும் சேர்த்து 240 கன மீட்டர் தண்ணீர். தொட்டி என்பது கைச்செலவுக்கான பணம் மாதிரி. அங்கிருந்து சேமிப்புக்குப் போகவேண்டியது பக்கத்தில் இருக்கும் பூங்காவின் அடிக்கு.

அந்தப் பூங்காவுக்குக் கீழே 35 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டத்தில் 144 ஆழ்துளைகள், ஒவ்வொன்றும் 37 மீட்டர் ஆழம், துளைக்குத் துளை இரண்டேகால் மீட்டர் இடைவெளி. ஒவ்வொரு துளையிலும் கீழே போய்த் திரும்பி மேலே வரும் ஒரு பிளாஸ்டிக் குழாய். ஆறு ஆறு துளைகளாக 24 சரங்கள், நடுவில் இருந்து விளிம்புக்கு. கோடையில் வெந்நீரை நடுவில் விடுவார்கள். அது நடுவே தன் சூட்டில் பெரும்பங்கைக் கொடுத்துவிட்டு ஆறிக்கொண்டே விளிம்புக்கு வரும். குளிர்காலத்தில் திசையை மாற்றி விளிம்பில் இருந்து ஆறிய நீரை விட்டால் அது போகப் போகச் சூடேறி நடுவில் இருந்து கொதிகொதிப்பாக வெளியே வரும். இதனால் நடுப்பகுதி எப்போதும் சூடாகவும் வெளிவிளிம்பு மிதமாகவும் இருக்கும். சூடு வெளியே கசிவது குறையும். மேலே மட்டும் தடித்த காப்புப் போர்வை. அடியிலும் பக்கங்களிலும் ஒன்றுமில்லை, மண்ணுக்கு மண்தான் காவல்.

அப்படியானால் கசியாதா? கசியும். இங்கேதான் 52 வீடு என்ற எண்ணுக்கு அர்த்தம் வருகிறது. டம்ளர் காப்பி ஆறும் நேரத்தையும் கல்யாண வீட்டு அண்டாவில் சாம்பார் ஆறும் நேரத்தையும் யோசித்துப் பாருங்கள். பாத்திரத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினால் சூடு கசியும் மேற்பரப்பு நாலு மடங்காகும், உள்ளே இருக்கும் சூடு எட்டு மடங்காகும். ஒரு வீட்டுக்காரர் தன் தோட்டத்தில் இதைத் தனியாகச் செய்தால் பொங்கலுக்குள் எல்லாம் ஆறிவிடும். தெருவே சேர்ந்தால்தான் கோடை தை மாசம் வரைக்கும் தாங்கும். என் வீட்டுக்கு மட்டும் என்று வாங்கிக்கொள்ள முடியாத ஒரு பொருள் இது. சுமார் 34,000 கன மீட்டர் மண்ணில் யாருடைய வெயில் எங்கே இருக்கிறது என்று பிரிக்கவே முடியாது.

2007இல் ஓட ஆரம்பித்தது. முதல் வருஷம் மண்ணே குளிர்ந்திருந்ததால் போட்ட சூட்டில் பெரும்பங்கை அதுவே விழுங்கியது. அந்த வருஷம் வீடுகளைச் சூடாக்குவதில் வெயிலின் பங்கு 55 சதவீதம். பிறகு அறுபது, எண்பது என்று ஏறி, ஐந்தாவது வருஷம் 97 சதவீதம். கோடை முடியும்போது நடுமண்ணின் சூடு 80 டிகிரியை நெருங்கும் அளவுக்கு வடிவமைத்திருந்தார்கள். 2015-16 குளிர்காலத்தில் நூறு சதவீதத்தையும் தொட்டது. காப்புக்கு வைத்திருந்த எரிவாயுக் கொதிகலன்களுக்கு வேலையே இல்லை. உலகம் முழுக்க இருந்து பொறியாளர்கள் வந்து பூங்காவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பார்க்கத்தான் என்ன இருக்கிறது? புல்தரை.

அப்பாவிடம் போனில் இதைச் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நம்ம கெணத்துத் தண்ணி மாதிரின்னு சொல்லு" என்றார்.

"ஆமாப்பா. ஆனா இது மனுஷங்க போட்டு வச்ச சூடு."

"அது சரி தம்பி, இதுக்கு நீர்க்கட்டி யாரு?"

கண்மாயில் இருந்து எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்று மடையைத் திறந்து அடைக்கும் ஆளை எங்கள் பக்கம் நீர்க்கட்டி என்போம். கண்மாயைக் காட்டிக் கேட்டால் ஊரார் முதலில் சொல்வது அந்த ஆளின் பெயரைத்தான். "கம்பெனி பாத்துக்கிது" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

நீர்க்கட்டிதான் கேள்வி என்று 2024இல் தெரிந்தது. பதினேழு குளிர்காலங்களுக்குப் பிறகு டிரேக் லேண்டிங்கின் சூரிய வெப்ப அமைப்பை மூடிவிட முடிவெடுத்தார்கள். மண் கெடவில்லை. தகடுகளும் குழாய்களும் பழசாகிக் கசிந்தன, மாற்று உதிரிபாகங்கள் கிடைக்கவில்லை, பழுது பார்க்கத் தெரிந்த ஆட்கள் குறைவு. இந்த மாதிரி இன்னும் நூறு குடியிருப்புகள் வந்திருந்தால் உதிரிபாகத்துக்குக் கடை இருந்திருக்கும், கைத்தொழில் தெரிந்தவர் பக்கத்து ஊரில் இருந்திருப்பார். வட அமெரிக்காவில் இந்த வகையில் இது ஒன்றே ஒன்றாக நின்றுவிட்டது. கட்டும் காலத்தில் எரிவாயு விலை ஏறிக்கொண்டிருந்தது. ஓட ஆரம்பித்த சில வருஷத்திலேயே ஷேல் பாறைகளில் இருந்து எரிவாயு கொட்ட, விலை சரிந்தது. சுமார் எழுபது லட்சம் டாலர் செலவு, 52 வீட்டுக்கு வகுத்தால் வீட்டுக்கு ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். அந்தப் பணத்தை எரிவாயுவோடு ஒப்பிட்டுப் பார்த்த யாரும் இரண்டாவது ஒன்றைக் கட்ட முன்வரவில்லை. வீடுகள் எரிவாயு அடுப்புக்கே திரும்பின.

இதைத் தோல்வி என்று எழுதியவர்களைப் படித்திருக்கிறேன், எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒரு சாதாரண எரிவாயு அடுப்பும் பதினைந்து இருபது வருஷத்தில் தேய்ந்து போகும். அது தேயும்போது யாரும் எரிவாயு தோற்றுவிட்டது என்று எழுதுவதில்லை, கடைக்குப் போய் இன்னொன்று வாங்குகிறார்கள். இங்கே போய் வாங்கக் கடை இல்லை. அந்தப் பதினேழு வருஷ அளவீடுகளை வைத்துக்கொண்டு வேறு நாடுகளில் கட்டுகிறார்கள் என்பது ஆறுதல்தான், ஆனால் அந்த 52 வீட்டுக்காரர்களுக்கு அது என்ன ஆறுதல்.

போன குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே போனேன். மைனஸ் இருபத்திரண்டு. வீடுகளின் பக்கச் சுவர்களில் புகைபோக்கிக் குழாய்களில் இருந்து வெள்ளையாக ஆவி வந்துகொண்டிருந்தது, எங்கள் தெருவில் வருவது போலவே. பூங்காவில் முழங்கால் அளவு பனி. கீழே சூடு இருந்தால் மேலே பனி உருகியிருக்குமே என்று தோன்றியது, அப்புறம் போர்வை ஞாபகம் வந்தது. அது உருகவிடாமல் இருப்பதற்காகத்தானே போட்டார்கள். அவ்வளவு மண் ஆறச் சில வருஷங்களாவது ஆகும். நான் நின்ற இடத்துக்குக் கீழே பழைய கோடைகளில் ஏதோ ஒரு மிச்சம் இன்னும் இருக்கவேண்டும், யாரும் எடுக்காமல். காரை அணைக்காமல் ஓடவிட்டே வந்திருந்தேன், திரும்பி வந்து ஏறும்போது உள்ளே நல்ல சூடாக இருந்தது.